பதினொரு சுண்ணாம்புக் கோடுகள்

அவளைப் பற்றி உனக்கு என்னத்துக்கு? சாப்பிட்டோமா, தண்ணீர் பிடித்தோமா, வேலையைப் பார்த்தோமா என்று இருக்க வேண்டியதுதானே. பழைய போட்டோவில் ஒருத்தி என் தோளுக்குப் பின்னால் பாதி முகத்தோடு நின்றால், உடனே யார் எவர் என்று துருவ வேண்டுமா? அவளுக்கு முழு முகமும் இருந்தது. போட்டோக்காரன் பொத்தானை அமுக்குகிற நேரம் பார்த்து நான்தான் முன்னால் நகர்ந்து நின்றேன். சரி, கேட்டுவிட்டாய். இனிப் பாதியில் எழுந்து போனால் காலை ஒடித்துவிடுவேன்.

அவள் என் ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே போன் போட்டு, நான் சொன்னது சரியா என்று அவளிடம் கேட்பாய்.

பம்பாயில் மில்கள் பூட்டிக் கிடந்த காலம் அது. உன் தாத்தாவுக்கும் வேலை போய்விட்டது. தாராவியில் எங்களுக்கு ஒரே அறை, மேலே ஒரு பரண். அதற்குள் மாமியார், நாங்கள் இரண்டு ஜோடி, நாலு மாவு டிரம். நாங்கள் பெண்கள் கைமுறுக்குச் சுற்றுவோம். உன் தாத்தா அதை டின்னில் அடைத்து கிங்ஸ் சர்க்கிள் கடைகளுக்குச் சுமப்பார். கொழுந்தன் தோல் பட்டறையில் இருந்தான்.

அவள் கல்யாணமாகி வந்த நாலாம் நாள், துணியில் நான் சுற்றி வைத்திருந்த முறுக்கைக் குனிந்து பார்த்தாள்.

"யக்கா, தொண்ணூத்தியொண்ணு இருக்கு."

"இருக்கட்டும். எண்ணெ காஞ்சிட்டு, எடுத்துப் போடு."

"ஏழு வரிசையா வச்சா வரிசைக்குப் பதிமூணு வரும். ஒண்ணு மிஞ்சாது, ஒண்ணு கொறையாது."

"வரிசையா வச்சா ருசி கூடுமாளா?"

"ருசி கூடாது. கண்ணுக்கு ஒரு நிம்மதி." சொல்லிக்கொண்டே அடுக்கிவிட்டாள். "இன்னும் ஆறு சுத்திப்புடாதிய. தொண்ணூத்தியேழு ஆயிட்டுன்னா என்ன செஞ்சாலும் வரிசைக்கு வராது. அது ஒடையாத எண்ணு."

நான் வேண்டுமென்றே ஆறு சுற்றினேன். அன்று முழுவதும் அந்தத் துணியைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்தே வேலை செய்தாள்.

அவள் குணம் அவ்வளவுதான். எந்த எண்ணைப் பார்த்தாலும் அது வேறு இரண்டு எண்ணைப் பெருக்கினால் வருமா, அதாவது உடையுமா உடையாதா என்று பார்த்தாக வேண்டும். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். நான் ஒன்றாம் வகுப்பில் இரண்டு மாதம் உட்கார்ந்தேன். ஒன்று போடக் கற்றேன், சுழி போடக் கற்றேன், அதற்குள் ஆடு மேய்க்கக் கூப்பிட்டுவிட்டார்கள். பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தால், நான் அதை உருட்டிக் காது குடைவேன். இவள் பிடுங்கிப் படிப்பாள்.

"ஆயிரத்து எழுநூத்தி அறுவத்திமூணு. யக்கா, இது நாப்பத்தியொண்ணும் நாப்பத்திமூணும். ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. பெருக்குனா வந்து நிக்கும்."

"பக்கத்து வீட்டுக்காரிய ரெண்டு பேரு சேந்தா சண்டதான் வரும்."

கண்டக்டர் சிரித்தான். அவள் நான் சொன்னதைக் கவனிக்கக்கூட இல்லை. அடுத்த சீட்டுக்காரியின் டிக்கெட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது குழாயடிதான். எங்கள் சந்தில் ஒரே குழாய். விடிந்து தண்ணீர் வருகிற நேரத்தில் முப்பது குடம் வரிசையில் நிற்கும். அது என் ராஜ்யம். மாமியார் குறட்டை விடுவதை நடித்துக் காட்டுவேன். வார்டு ஆபீசர் மூக்கைப் பொத்திக்கொண்டு சந்துக்குள் வருவதை நடித்துக் காட்டுவேன். தமிழ் தெரியாத மராட்டிக்காரியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். என் குடம் எங்கே நின்றாலும் முன்னால் தள்ளி வைப்பார்கள்.

அவள் வந்து ஒரு வருஷத்தில் எல்லாம் போயிற்று. பெண்கள் ரேஷன் கார்டைத் தூக்கிக்கொண்டு அவளிடம் நின்றார்கள். "என் நம்பரு ஒடையுமா? ஏந் நம்பரு?" உடைகிற எண்காரிகள் ஒரு கட்சி, உடையாதவர்கள் ஒரு கட்சி. உடையாத எண் வந்தால் ஏதோ பட்டம் வாங்கின மாதிரி நடந்தார்கள். என் குடம் வரிசையில் எங்கே நின்றதோ அங்கேயே நின்றது.

அந்த நேரம் மாமியாருக்கு மூட்டு வலி. கணபதி பண்டிகை கழிந்ததும் ஊரோடு போய்விடுவதாகச் சொல்லிவிட்டார். கேள்வி அரிசிப் பெட்டிச் சாவியைப் பற்றியது. சின்னச் சாவிதான். ஆனால் அது யார் இடுப்பில் இருக்கிறதோ அவள்தான் எவ்வளவு அரிசி ஊறும், எந்தக் கடைக்கு எத்தனை டின் போகும், யார் எப்போது கடைத்தெருவுக்குப் போகலாம் என்று சொல்வாள். முறைப்படி மூத்தவள் நான். ஆனால் மாமியார் அவளைப் பார்க்கிற பார்வையைப் பார்த்தேன். "சின்னவளுக்கு மண்டைக்குள்ள மிஷினு ஓடுது" என்று என் காதில் விழும்படியே சொல்லுவார். எனக்கு மண்டையில் என்ன ஓடுகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பொங்கல் கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை. கடைக்குப் போன டின் ஒவ்வொன்றுக்கும் வாசல் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுப்பது என் வேலை. அன்றைக்குப் பதினொரு டின். பதினொரு கோடு. தண்ணீர் பிடித்து வந்த பெண்கள் அவளைச் சுற்றி நின்றுகொண்டு எங்கள் வாசலையே அடைத்துவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. சுண்ணாம்புக் கையோடு சுவரைக் காட்டினேன்.

"ஏளா, மண்டைக்குள்ள மிஷினு! இதக் கோடா பாக்காத, ஒரே எண்ணா பாரு. பதினொரு ஒண்ணு. எங்க, ஒட பாப்போம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே குடத்தைக் கீழே வைத்தாள்.

"ஆயிரத்து நூத்திப் பதினோரு கோடியே…" என்று படிக்க ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். "யக்கா, இது பெரிய எண்ணுக்கா."

"பயந்துட்டியா?"

"பத்து கோடோ பன்னெண்டு கோடோ இருந்தா இப்பமே ஒடச்சிருவேன். கோட்டையே ரெண்டு ரெண்டா பிரிச்சிரலாம்லா, அப்ப எண்ணும் அதோட பிரிஞ்சிரும். பதினோரு கோடு எதுலயும் பிரியாது. அதான் சங்கடம்."

எனக்குக் கோழி பிடித்த சந்தோஷம். வாய் சும்மா இருக்குமா? "அத்தை ரயிலேறுததுக்குள்ள நீ இத ஒடச்சிட்டன்னா சாவி ஒனக்கு. ஒடயலன்னா எனக்கு. அம்புட்டுதான்!"

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாமியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சரி, அப்படியே வச்சிக்கிடுங்க. எனக்கும் ஒரு பாரம் கொறஞ்சுது" என்றார். சந்து முழுக்கச் சாட்சி.

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். முறுக்குப் பொட்டலம் கட்ட ரத்திக் கடையில், பழைய பேப்பர்க் கடைதான், ஆபீஸ் காகிதம் எடை போட்டு வாங்குவோம். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெள்ளை. அதில் தினம் ஒரு தாள் உருவிக்கொள்வாள். அடுப்பு ஓய்ந்த மத்தியானத்தில் அரைமணி நேரம் வகுத்தல் போடுவாள். ஒவ்வொரு கணக்கும் ஒரு படிக்கட்டு மாதிரி இறங்கும். அடியில் ஏதாவது மிச்சம் நிற்கும். மிச்சம் நின்றால் தோல்வி. அடுத்த கணக்கு.

"எல்லா எண்ணையும் போட்டா கெழவி ஆயிருவேன்க்கா," என்றாள் ஒருநாள். நான் கேட்காமலேதான் சொன்னாள். "அதுக்கு ஒரு வழி பாத்தேன். அஞ்சு ஒண்ணு போட்டா, அது நாப்பத்தியொண்ணும் இருநூத்தி எழுவத்தியொண்ணுமா ஒடையுது. ரெண்டையும் அஞ்சஞ்சா கட்டிப் பாருங்க, ஒண்ணு மிஞ்சும். ஏழு ஒண்ணு போட்டாலும் அப்படித்தான். ஒடஞ்ச துண்டு ரெண்டையும் ஏழேழா கட்டுனா ஒண்ணு மிஞ்சுது. அப்ப பதினொண்ணுக்கும் அப்படித்தான இருக்கும்? பதினொண்ணு பதினொண்ணா கட்டி ஒண்ணு மிஞ்சுத எண்ணா பாத்துப் பாத்துப் போடுதேன். ரெட்டப்பட எல்லாம் வேண்டாம்."

"யாரு சொல்லித் தந்தா?"

"யாரும் சொல்லல. முறுக்கு கட்டையில பாத்தேன்."

நானும்தான் பதினைந்து வருஷமாக முறுக்குக் கட்டுகிறேன். எனக்கு முறுக்குத்தான் தெரிந்தது.

இரண்டு மாதம் போயிற்று. எண்கள் நூறு தாண்டி, ஆயிரம் தாண்டி, இருபதாயிரத்துக்கு வந்துவிட்டதாகப் பேச்சு. அது ஹோலி நேரம். உன் தாத்தா கிங்ஸ் சர்க்கிளிலிருந்து வந்தார், சட்டையெல்லாம் எவனோ அடித்த பச்சைச் சாயம். பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். புதுப் பென்சில். தலையில் சிவப்பு ரப்பர்.

"ஓங்கிட்ட இருக்கது துண்டுப் பென்சிலுல்லா" என்று அவளிடம் நீட்டினார். அதோடு நிற்கவில்லை. அவள் பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்து, அவள் வகுத்ததை இவர் பெருக்கிச் சரிபார்த்தார். மில்லில் சூப்பர்வைசர் நோட்டு எழுதினவராம். எனக்கு அதுவரை தெரியாது. பதினைந்து வருஷத்தில் எனக்கு ஒரு கொண்டை ஊசி வாங்கி வராத மனிதன்.

கொஞ்ச நேரத்தில் அவர் குளிக்கப் போனார். அடுப்பில் எண்ணெய் பொங்கியது. அவள் தாளை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். தாள் தரையில் கிடந்தது. கடைசிக் கணக்கு படிக்கட்டின் பாதியில் நின்றது. நான் அதை எடுத்தேன். இரண்டாக, நாலாக, எட்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். எதற்கு என்று கேட்காதே. அந்தப் பென்சிலை எடுத்தால் தெரிந்துபோகும். அதனால் தாளை எடுத்தேன்.

மறுநாள் கேட்டாள். "நேத்தைய தாளு எங்கக்கா?"

"பொட்டலத்துக்குப் போயிருக்கும். காலிபீலியா, சும்மாத் தாளக் கீழ போட்டா என்ன செய்ய?"

"கடசிக் கணக்கு முடிச்சனான்னு ஞாபகம் இல்ல…"

"முடிச்சியே! எண்ணெ பொங்கையில, 'இதுலயும் மிச்சம் நிக்கிக்கா'ன்னு சொல்லிட்டுத்தான எந்திச்ச?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பெரியவள் சொல்கிறாள் என்று நம்பிவிட்டாள். அடுத்த எண்ணுக்குப் போய்விட்டாள். நான் தாளை என் டிரங்குப் பெட்டியின் அடியில், கல்யாணப் புடவைக்குக் கீழே வைத்தேன்.

ஆடி போய் ஆவணி வந்தது. சந்தில் கணபதி மேளம் அடித்துக்கொண்டிருந்தது. மாமியார் மூட்டை கட்டிவிட்டார். அவள் வந்து முன்னால் நின்றாள்.

"ஒடையலக்கா. ஒரு லட்சத்து அஞ்சாயிரத்துச் சொச்சம் வர போயிட்டேன். அதுக்கு மேல போய்ப் பிரயோசனம் இல்ல. ரெண்டு துண்டும் அத விடப் பெருசா இருந்தா, பெருக்குனா இந்த எண்ணத் தாண்டிப் போயிரும்."

"அப்ப?"

"ஒடையாத எண்ணு போல."

மாமியார் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தார். எப்படி வைத்தார் தெரியுமா? அவளைப் பார்த்துக்கொண்டே என் கையில் வைத்தார்.

சாவி வந்தால் உலகமே மாறும் என்று நினைத்தேன். மறுநாள் அதை வெளியே தெரிகிற மாதிரி செருகிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். ஒருத்தியும் பார்க்கவில்லை. எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். "போவுது விடு தாயி, ஏழெட்டு மாசம் ஒழச்சியே" என்று மராட்டிக்காரி இந்தியில் சமாதானம் சொன்னாள். ஜெயித்தவளை விட்டுவிட்டுத் தோற்றவளுக்குக் குடம் நகர்த்தி வைக்கிற ஊர் இந்தப் பம்பாய் ஒன்றுதான்.

தீபாவளி ஆர்டர் வந்தது. நான் சொன்ன அரிசி ஊறியது, நான் சொன்ன கடைக்கு டின் போனது. அவள் ஒரு எதிர்ப்பேச்சு பேசவில்லை. எண்ணைப் பற்றியும் பேசவில்லை. முறுக்கைத் துணியில் கண்டபடி போட்டாள். தொண்ணூற்றேழோ தொண்ணூற்றெட்டோ, எண்ணவே இல்லை. புதுப் பென்சில் பரண் இடுக்கில் கிடந்தது.

ஒருநாள் டப்பா வாங்க இருவரும் பஸ்ஸில் போனோம். டிக்கெட்டை நான் காது குடையவில்லை. நானாகவே நீட்டினேன்.

"இது எத்தனளா?"

"ஆயிரத்து ஐநூத்தித் தொண்ணூத்தியொண்ணு."

"ஒடையுமா?"

"தெரியலக்கா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த "தெரியலக்கா" என் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது. இவள் தெரியும் என்று சொல்லும்போது எனக்கு எரிந்தது. தெரியாது என்று சொல்லும்போது அதைவிட எரிந்தது. என்னதான் செய்யச் சொல்கிறாய்?

வீட்டுக்கு வந்ததும் டிரங்கைத் திறந்து தாளை எடுத்தேன். மாவு டின்னுக்குக் கீழே கைவிட்டுத் துழாவுகிற மாதிரி நடித்தேன். நடிப்பு நமக்குத் தெரியாததா?

"ஏளா, இந்தா. இது ஒந் தாளு மாதிரி இருக்கே. டின்னுக்கடியில கெடந்துச்சு."

அவள் வாங்கினாள். பிரித்தாள். எட்டு மடிப்பு. மாவு டின்னுக்கு அடியில் கிடந்த தாளில் பாச்சை உருண்டை வாசம். மூக்கருகே கொண்டு போனாள். பிறகு கடைசிக் கணக்கைப் பார்த்தாள்.

"இத நான் முடிக்கலக்கா."

"முடிச்சேன்னு சொன்னியேளா."

"நீங்கதான் சொன்னிய."

பரணுக்குக் கைநீட்டிப் பென்சிலை எடுத்தாள். நின்றபடியே, மாவு டிரம் மூடிமேல் தாளை வைத்துப் போட்டாள். விடையில் மூன்று இலக்கம் ஏற்கெனவே இருந்தது. இன்னும் மூன்று. படிக்கட்டு ஒவ்வொன்றாக இறங்கியது. எனக்கு ஒன்றும் சுழியும் தவிர எதுவும் தெரியாது என்றேன் அல்லவா? கடைசிப் படியில் அவள் எழுதினது எனக்குத் தெரிந்த எழுத்து. சுழி.

வெளியே எவனோ ஐஸ் விற்றுக்கொண்டு போனான்.

"இருவத்தோராயிரத்து அறுநூத்தி நாப்பத்தொம்பது," என்றாள் மெதுவாக. "இன்னொண்ணு அஞ்சு லட்சத்துப் பதிமூவாயிரத்து இருநூத்தி முப்பத்தொம்பது. யக்கா… ரெண்டையும் பதினொண்ணு பதினொண்ணா கட்டுனா ஒண்ணு மிஞ்சுதுக்கா! நான் பாத்தது சரிக்கா!" என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள். அவள் கையெல்லாம் மாவு.

நான் இடுப்பிலிருந்து சாவியை உருவி டிரம் மூடிமேல் போட்டேன். "எடுத்துக்க."

அவள் சாவியைப் பார்த்த பார்வை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்க்கிற மாதிரி. "எனக்கு எதுக்குக்கா? எண்ணு ஒடஞ்சிட்டுல்லா." சாவியை எடுத்து என் இடுப்பிலேயே செருகினாள். செருகும்போது, "இன்னைக்கு பஸ்ஸு டிக்கெட்டு முப்பத்தேழும் நாப்பத்திமூணும்" என்றாள்.

எட்டு மாதம் தாளைப் பொத்திப் பொத்தி நான் காத்த அந்தச் சாவி அவளுக்கு வேண்டவே வேண்டாத சாமான். இதைவிட ஒருத்தியை அடிக்க முடியுமா, சொல்லு.

அடிக்க முடியும். மறுநாள் குழாயடியில் அடித்தாள். அவள் முகத்தில் வெளிச்சம் இருந்ததைப் பார்த்துப் பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள். "என்ன, எண்ணு ஒடஞ்சிட்டா? அப்ப சாவி ஒனக்குல்லா?" நான் நாலு குடம் தள்ளி நின்றேன். காதை நீட்டிக்கொண்டுதான்.

அவள் என் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "இல்லக்கா," என்றாள் அவர்களிடம். "அது ஒடையாது. சாவி எங்கக்காட்டதான் இருக்கும்."

எண்ணைத் தவிர வேறு எதற்கும் ஆசைப்படாதவள், அந்த எண்ணையே எனக்காக உடையாததாக்கிவிட்டாள். சாவியும் எனக்கு, மானமும் எனக்கு. நான் ஒளித்தது அவளுக்குள்ளேயே புதைந்துபோகும். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கணக்கிலும் அவள், நல்லதனத்திலும் அவளா? அப்புறம் எனக்கு என்னதான் மிச்சம்? அன்று பகல் முழுவதும் முறுக்குச் சுற்றிக்கொண்டே அந்த இரண்டு எண்ணையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லி நெட்டுருப் போட்டேன். இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

அதற்கு மறுநாள் விடிந்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, குழாய்த் திண்டில் ஏறி நின்றேன்.

"எல்லாரும் கேளுங்க! அவ பொய் சொல்லுதா. எண்ணு ஒடஞ்சிட்டு. இருவத்தோராயிரத்து அறுநூத்தி நாப்பத்தொம்பது ஒண்ணு, அஞ்சு லட்சத்துப் பதிமூவாயிரத்து இருநூத்தி முப்பத்தொம்பது ஒண்ணு. ஹோலியன்னைக்கே ஒடஞ்சிருக்கும். நாந்தான் பொறாமையில தாளத் திருடி, கல்யாணப் பொடவைக்கு அடியில ஒளிச்சு வச்சேன்!"

முன்னால் நின்றவள் வாயைப் பொத்தினாள். பின்னால் ஒருத்தி கெக்கெக்கே என்றாள். அவ்வளவுதான், முப்பது குடமும் சேர்ந்து உருள்கிற மாதிரி சிரிப்பு. "அஞ்சு லட்சமாம்! கல்யாணப் பொடவைக்கு அடியிலயாம்!" மராட்டிக்காரிக்கு யாரோ இந்தியில் சொன்னார்கள், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எத்தனையோ மாதம் கழித்து என் குடத்தை நாலு கை சேர்ந்து முன்னால் தள்ளி வைத்தது.

"நெசமாத்தான் சொல்லுதேன்!" என்றேன்.

இன்னும் சிரித்தார்கள். வரிசையின் கடைசியில் அவள் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யக்கா," என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள், "ரொம்ப நாளாச்சு இப்படிக் கேட்டு. இன்னொண்ணு சொல்லுங்க!"